துண்டுத் துணி பஞ்சாயத்து: வெட்டிட்டு தைக்காதீங்க, தைச்சிட்டு வெட்டுங்க

போன மாசம் இந்தப் பக்கத்துல, பிட் துணிய முக்கோணம் முக்கோணமா சேத்து நான் தைச்ச ஒட்டுப் போர்வைய பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், இடம் மிச்சம் இருந்துச்சேன்னு ஓரமா எழுதினது தான். பாத்தா இந்த மாசம் ப்ளவுஸ் கை தூக்கினா ஏறுது, ஃபால்ஸ் சுருங்குதுங்கற வழக்கமான கேள்வி ஒண்ணு கூட காணோம், வந்த கடுதாசி மொத்தமும் முக்கோணம் தான். சரி, இந்த மாசம் முழுக்க அதுவே போகட்டும்.

கேள்வி: அக்கா, நான் வீட்லயே ப்ளவுஸ் தைக்கறேன், மூணு அரிசி மூட்டை நெறைய பிட் துணி சேந்து போச்சி. உங்க போர்வைய படிச்சதும் ஆசை வந்து அட்டையில ஒரு முக்கோணம் வெட்டி அத வச்சி வரைஞ்சி இருநூறு முக்கோணம் வெட்டிட்டேன். ரெண்டு ரெண்டா தைச்சா சதுரம் வருது, ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பத்து சதுரம் சேத்ததுமே எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி நெளியுது. இருவது வருஷமா மெஷின் மிதிக்கறேன், எனக்கே வெக்கமா இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?
குடியாத்தம் வாசகி

பதில்: தங்கச்சி, உன் தையல்ல தப்பே இல்ல, கத்திரியில தான் தப்பு. ப்ளவுஸ் தைக்கறவளுக்கு ஒரே வார்த்தை போதும்: கிராஸ். கழுத்துக்கு பட்டி அடிக்க எதுக்கு கிராஸ் பீஸ் வெட்டறோம்? இஸ்த்தா நீளும், வளைவுல படிஞ்சி உக்காரும், அதுக்குத்தான். நீளவாக்குல ஓடற பாவு நூலு பக்கமா இழுத்தாலும் குறுக்க ஓடற ஊடை நூலு பக்கமா இழுத்தாலும் துணி அசையாது, மூலைக்கு மூலை இழுத்தா நெகிழ்ந்து குடுத்துகினே இருக்கும். கழுத்துல நமக்கு ஒத்தாசை பண்ற அந்த குணமே போர்வையில வந்தா வம்பு.

நீ வெட்டின முக்கோணத்துக்கு மூணு பக்கம், துணிக்கு நேர் ரெண்டு தான், அதனால எப்படி வச்சாலும் ஒரு பக்கமாவது கிராஸ்ல தான் போகும். அந்த ஒண்ணு எதுவா இருக்கணும்ங்கறதுல தான் விஷயமே இருக்கு. நீளமான சாய்வு பக்கம் கிராஸா இருந்தா, அது சதுரத்துக்கு நடுவுல தையலுக்குள்ள அடங்கிடும், வெளிப்பக்கம் நாலும் நேர் இழையில நிக்கும். நீ என்ன பண்ணியிருப்பேன்னா, துணி மிச்சமாகும்னு அந்த நீள பக்கத்த கரையோட ஒட்டி வச்சி வரைஞ்சிருப்ப, பந்தயமே கட்டறேன், அப்படி வச்சா சின்ன பக்கம் ரெண்டும் கிராஸா போய் சதுரத்தோட வெளிப்பக்கம் நாலும் ரப்பர் மாதிரி ஆயிடும், அப்பறம் நீ இல்ல, யாரு தைச்சாலும் அப்பளம் தான்.

எனக்கு எப்படி தெரியும்னா நானும் அதே அப்பளத்த பொரிச்சவ தான். முதல் தடவ நானூத்தி சொச்சம் வெட்டினேன், ஆடி மாசம் பூரா உக்காந்து, காத்துல பறக்காம இருக்க ஒவ்வொரு கட்டு மேலயும் கல்லு வச்சிகினு. தைச்சி முடிச்சி கட்டில்ல விரிச்சா நடுவுல குன்று மாதிரி எழும்பி நின்னுது. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு "ஏலகிரி நல்லா வந்திருக்குது"ன்னாரு. அது இன்னிக்கும் தையல் மெஷினுக்கு மூடு துணியா தான் இருக்கு.

அதனால இனிமே முக்கோணமே வெட்டாத. சதுரம் வெட்டு. வெளிர் கலர் ஒண்ணு, அழுத்தமான கலர் ஒண்ணு, ரெண்டும் 5 இன்ச் சதுரம். நல்ல பக்கம் உள்ளுக்குள்ள பாத்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சி, மூலைக்கு மூலை சாக்பீஸ்ல ஒரு கோடு போடு. கோட்டு மேல தைக்காத, கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல், அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல். அப்பறமா தான் கோட்டு மேல கத்திரி. பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சதுரம், பாதி வெளிர் பாதி அழுத்தம், கிராஸ் பக்கம் எப்பவோ தையலுக்குள்ள மாட்டிகிச்சி, நெளியறதுக்கு அதுக்கு சந்தர்ப்பமே கிடைக்கல பாரு. ஒவ்வொண்ணையும் நாலரை இன்ச்சுக்கு ஒழுங்கா நறுக்கிக்கோ, நாலு பக்கமும் கால் கால் தையல்ல போனா போர்வையில 4 இன்ச் சதுரமா உக்காரும்.

நறுக்கறதுக்கு ஒரு யோசனை. நாலரை இன்ச் சதுரத்துக்கு பழைய எக்ஸ்ரே ஃபிலிம வெட்டி வச்சிக்கோ, நம்ம வேலூர் ஜில்லாவுல எக்ஸ்ரே இல்லாத வீடு ஏது, பீரோ மேல கை விட்டா நாலு கிடைக்கும். அதுல மூலைக்கு மூலை ஊசியால ஒரு கோடு கீறிட்டு, அந்தக் கோட்ட தையல் மேல பொருத்தி, சுத்தி நீட்டிகினு இருக்கறத நறுக்கு. தையல் நேரா மூலையில வந்து முடியும். ஃபிலிம் மேல மட்டும் சூடான இஸ்திரி பெட்டிய வச்சிடாத, சுருண்டுடும்.

இஸ்திரின்னதும் ஞாபகம் வருது. சட்டைக்கு தேய்க்கற மாதிரி இங்கியும் அங்கியும் இழுத்துத் தேய்க்க கூடாது. வச்சி அழுத்தி எடுக்கணும், வச்சி அழுத்தி எடுக்கணும். தையல் பக்கத்த அழுத்தமான துணி இருக்கற பக்கமா சாய்ச்சி விடு, இல்லாட்டி வெளிர் துணிக்கு அடியில நிழலாட்டம் தெரியும்.

வெட்டின இருநூறு? தூக்கிப் போடாத. சாதம் வடிச்ச கஞ்சிய தண்ணி மாதிரி நீர்க்க கரைச்சி, ஒரு பழைய துணியில தொட்டு ஒவ்வொரு முக்கோணத்து மேலயும் ஒத்தி, நிழல்ல தட்டையா காய வை. கிளிப்பு போட்டு கொடியில தொங்க விட்டா அதுலயே இன்னும் நீளும். காஞ்சதும் அழுத்தி எடுத்தா காயிதம் மாதிரி விறைப்பா நிக்கும், அந்த விறைப்பு போறதுக்குள்ள தைச்சிடு. மெஷின்ல குடுக்கும்போது நீளற பக்கம் அடியில, துணிய நகத்தற பல்லு மேல படிஞ்சி இருக்கணும், பல்லு கீழ் துணிய தான் கொஞ்சம் கூடுதலா இழுக்கும், நீண்டது தானா அடங்கும். சதுரம் வந்ததும் எக்ஸ்ரே வச்சி நறுக்கு, கொஞ்சம் சின்னதா வந்தாலும் பரவால்ல, எல்லாம் ஒரே சின்னதா இருந்தா சரி. போர்வை முடிஞ்சதும் மறக்காம ஒரு அலசு அலசு, கஞ்சியோட பீரோவுல வச்சா கரப்பான் வந்து சாப்பிடும்.

இன்னொண்ணு, உன் மாதிரி தினமும் ப்ளவுஸ் தைக்கறவங்களுக்கு மட்டும். கோடு போட்ட சதுர ஜோடிய மெஷின் பக்கத்துல ஒரு டப்பாவுல போட்டு வை. ஒரு ப்ளவுஸ் தையல் முடிஞ்சி நூல அறுக்கறதுக்கு பதிலா ஒரு ஜோடிய விட்டு ஓட்டிடு, அடுத்த ப்ளவுஸ்ல மறுபடி ஒரு ஜோடி. நூலும் வீணாகல, தனியா நேரமும் ஒதுக்கல, தீவாளி சீசன் முடியறப்ப டப்பாவுல ஒரு போர்வைக்கு சதுரம் இருக்கும்.

கேள்வி: மேடம், நான் கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவன், மனைவி தைக்க, நான் வெட்டிக் குடுக்கறேன். 4 இன்ச் சதுரம் வரணும்னா 4 இன்ச்சோட முக்காலே அரைக்கால், அதாவது எட்டுல ஏழு பங்கு இன்ச், சேத்து வெட்டணும்னு எங்கியோ பாத்து வந்திருக்காங்க. தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் கால்னா அரை இன்ச் தானே, மிச்சம் எங்கருந்து வருதுன்னு நான் கேக்கறேன், அவங்க கோச்சிக்கறாங்க. அப்பறம் ஒரு சிங்கிள் கட்டிலுக்கு மொத்தம் எவ்ளோ துணி ஆகும்?
ராணிப்பேட்டை வாசகர்

பதில்: சார், அம்மா சொன்னது தான் சரி, மொதல்ல போய் சமாதானம் பண்ணிட்டு வந்து மேல படிங்க.

நம்ம ஆசாரிங்க கணக்குல பாருங்க, இன்ச்சுக்கு 8 நூல். சதுரத்த சுத்தி தையலுக்கு கால் கால் சேந்து அரை இன்ச், அதாவது 4 நூல், இது நீங்க சொன்னது. ஆனா நடுவுல குறுக்கு தையல் ஒண்ணு ஓடுதே, அதுவும் கால் இன்ச் துணிய முழுங்குது, அத சாய்வா அளந்தா தான் கால், நேர் பக்கத்துல அளந்தா கால் இல்ல, கால ரூட் 2 ஆல பெருக்கணும், 0.35 வரும், கிட்டத்தட்ட 3 நூல். நாலும் மூணும் ஏழு நூல், அதான் முக்காலே அரைக்கால். சரியா 4 இன்ச் 7 நூலுக்கு வெட்டி, சரியா கால்ல தைச்சா, நறுக்கவே வேணாம். அந்த சுத்தம் உங்க கைக்கு வரலாம், என் கைக்கு வராது, அதனால நான் முழுசா 5 இன்ச் வெட்டி பின்னாடி நறுக்கிக்கறேன். ஒரு நூல் துணி போனா போகுது.

கால் இன்ச்சுங்கறது பல மெஷின்ல ஃபுட்டு அகலத்துக்கு சமமா இருக்காது, அத நம்பாதீங்க. ஊசிய கைச்சக்கரத்தால இறக்கி, ஊசியிலருந்து கால் இன்ச் அளந்து பிளேட் மேல இன்சுலேஷன் டேப்ப ரெண்டு மூணு அடுக்கா ஒட்டிடுங்க, துணி அதுல மோதிகினே போகும். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தைக்கறப்ப டேப் உதவாது, அதுக்கு தள்ளித் தள்ளி ரெண்டு கோட்டையும் பென்சில்ல வரைஞ்சிடுங்க.

துணி கணக்கு: 48க்கு 72 இன்ச்னு வச்சிக்கோங்க. குறுக்க 12, நீளவாக்குல 18, மொத்தம் 216 சதுரம். ரெண்டு துணிச் சதுரம் போட்டா ரெண்டு சதுரம் திரும்பி வருது, அதனால வெட்ட வேண்டியதும் 216 தான், 108 வெளிர், 108 அழுத்தம். 44 இன்ச் பன்னாவுல, அதாவது துணியோட அகலத்துல, 8 சதுரம் வரும், அப்படி 27 பட்டை, 135 இன்ச், மூணரை மீட்டருக்கு கிட்டத்தட்ட மூணு இன்ச் கம்மி. எடை போட்டா அரை கிலோவுக்கு உள்ள தான் வரும். மூட்டை மூட்டையா சேத்து வச்சிருக்கறவங்க இத படிச்சிட்டு மயக்கம் போட வேணாம்.

பெரிய பிட் இருந்தா ஒரு குறுக்கு வழி இருக்கு. 10 இன்ச் சதுரம் ரெண்டு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சி, மூலைக்கு மூலை ரெண்டு கோடும் போட்டு, ரெண்டு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி தைச்சி, அப்பறம் குறுக்க ஒரு வெட்டு, நெடுக்க ஒரு வெட்டு, கோடு ரெண்டு மேலயும் வெட்டு. எட்டு விழும். ஒரே நேரத்துல எட்டுன்னதும் சந்தோஷமா இருக்கும், ஆனா எட்டும் ஒரே துணி, ஒட்டுப் போர்வைக்கு அதுல ருசி இல்ல.

கேள்வி: சக்கரம் மாதிரி உருட்டி வெட்டற ரோட்டரி கட்டர், அதுக்கு கீழ போட ஒரு பச்சை பாய், அதெல்லாம் வாங்கினா தான் முடியுமா?
ஆற்காடு வாசகி

பதில்: வேணாம். கத்திரிய சாணை பிடிங்க, காயிதம் வெட்டற கத்திரிய துணி பக்கம் விடாதீங்க, அது போதும்.

கேள்வி: யக்கா, எங்க வீட்டுக்காரரு பழைய லுங்கி பத்து பன்னெண்டு இருக்குது, நம்மூரு பக்க கைத்தறி லுங்கி, கட்டம் கட்டமா நல்ல கலரு. கட் பீஸ் கடையில புது துணி கொஞ்சம் வாங்கி அதோட சேத்து தைக்கலாமா? சாயம் போகுமோன்னு பயம்.
பள்ளிகொண்டா வாசகி

பதில்: லுங்கி மாதிரி தோதான துணி இதுக்கு வேற இல்ல. ஒண்ணு, அது முப்பது நாப்பது தடவ துவைச்சி, போக வேண்டிய சாயமெல்லாம் போயி, சுருங்க வேண்டியதும் சுருங்கி வந்து நிக்குது. ரெண்டு, கட்டம். கட்டம்னா நூலு போற பாதை கண்ணுக்கு தெரியுது, நேர் எது கிராஸ் எதுன்னு தேட வேணாம், கணக்கு நோட்டு மாதிரி கோட்டு மேலயே கத்திரி விடலாம். என்ன, கோட்ட புடிச்சி வெட்டறேன்னு 5 இன்ச்ச விட்டுடாதீங்க, கட்டம் நாலே முக்கால்ல முடிஞ்சா முடியட்டும், அளவு தான் முக்கியம், கட்டம் பாதியில வெட்டுப்பட்டா ஒண்ணும் கெட்டுப் போயிடாது, சொல்லப் போனா அப்படி வெட்டுப்பட்டது தான் சேத்து பாக்கறப்ப அழகா இருக்கும். உக்கார்ற எடத்துல நைஞ்சி போயிருக்கும், அத விட்டுட்டு ஓரத்து துணிய எடுங்க. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சி பாத்தா நைஞ்சது தெரியும்.

பயப்பட வேண்டியது புது கட் பீஸ்க்கு தான். செகப்பு, மெரூன், கருநீலம், இந்த மூணும் தான் ஆள கவுக்கும். வாங்கினதும் தனித்தனியா ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. காய்றதுக்கு முன்ன, ஈரமா இருக்கறப்பவே ஒரு வெள்ள துணிய மேல வச்சி சூடா இஸ்திரி பெட்டிய அழுத்தி எடுங்க, வெள்ளையில கலர் இறங்கினா அந்த துணி போர்வைக்கு ஆகாது, பை தைக்க வச்சிக்கோங்க. உப்பு போட்டா சாயம் நிக்கும்னு எங்க ஆயா காலத்துலருந்து சொல்றாங்க, கடையில வாங்கின துணிக்கு உப்பு போட்டு நான் பாத்தாச்சி, உப்பு தான் போச்சி. ஒரு தடவ ஒரே ஒரு செகப்பு ப்ளவுஸ் பிட்ட சோதிக்காம சேத்துட்டு, முழு போர்வையும் முதல் துவைப்புல ரோஸ் கலர்ல எடுத்தவ நான்.

பாலியெஸ்டர் கலக்காதீங்க, கை வச்சா வழுக்கும், பருத்திக்கு வைக்கற சூட்டுல சுருங்கி மினுக்கும். எதுன்னு தெரியலன்னா ஓரத்துலருந்து நாலு நூலு உருவி கொளுத்திப் பாருங்க: பருத்தி காயிதம் எரியற வாசனையில சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி கருப்பா மணி மாதிரி கெட்டியாயிடும். தட்டு மேல வச்சி கொளுத்துங்க, கையில பிடிச்சிகினு வேணாம்.

கேள்வி: அக்கா, அம்மாவோட கல்யாணப் பட்டு, ஆரணிப் பட்டு, மடிச்ச மடிப்புலயே கிழிஞ்சிடுச்சி. அம்மா இப்ப இல்ல. நல்லா இருக்கற பாகத்த முக்கோணமா தைச்சி வச்சிக்கலாம்னு ஆசை. தொட்டாலே பிரியுது, பயமா இருக்கு.
ஆரணி வாசகி

பதில்: கத்திரிய எடுக்கறதுக்கு முன்ன புடவைய முழுசா விரிச்சி ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க தங்கச்சி, பின்னாடி எந்த கரை எந்த முந்தானைன்னு கேக்க ஆளு இருக்காது.

பட்டு மடிப்புல கிழியறதுக்கு காரணமே ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வச்சது தான், அங்க இழை ஒடிஞ்சி கிடக்கும். மடிப்புலருந்து ரெண்டு விரக்கடை தள்ளி இருக்கற துணிய மட்டும் எடுங்க. அப்பறம் அத தனியா தைக்காதீங்க, அடியில ஒரு ஆதாரம் குடுக்கணும். ரெண்டு வழி இருக்கு. டெய்லருங்க காலருக்கு ஒட்டற ஃபியூசிங் இருக்குல்ல, அதுல ரொம்ப மெல்லிசா வாங்கி, மேல ஒரு பழைய காட்டன் துணிய போட்டு மிதமான சூட்டுல ஒட்டிட்டு அப்பறமா சதுரம் வெட்டறது. இல்லன்னா, பழைய மெல்லிசு வேட்டிய 5 இன்ச் சதுரமா வெட்டி, அது மேல முக்கோணத்த குறுக்கு கோட்டுல வச்சி தைக்கறது. முதல் பட்டு பீஸ வேட்டி சதுரத்துல நல்ல பக்கம் மேல பாத்த மாதிரி விரிங்க, ரெண்டாவது பீஸ அது மேல கவுத்துப் போட்டு ஓரத்துல தைச்சி, திருப்பி விரிச்சி அழுத்தி விடுங்க, கடைசியில வேட்டி சதுரத்து அளவுக்கு சுத்தி நறுக்கிடுங்க. பட்டு எவ்ளோ நெளிஞ்சாலும் வேட்டி நேர் இழையில பிடிச்சி வச்சிக்கும். எனக்கு பிடிச்சது இந்த ரெண்டாவது வழி தான், பசை வாசனையே இல்லாம அம்மா புடவை அம்மா புடவையாவே இருக்கும்.

ஜரிகைய முக்கோணத்து நடுவுல வர்ற மாதிரி வைங்க, தையல்ல மாட்டினா ஊசி மொட்டையாகும், தையலும் கனமா நிக்கும். ஊசி புதுசா, மெல்லிசா, 11 நம்பர் போடுங்க. போர்வைக்கெல்லாம் போக வேணாம், துவைக்க முடியாது. 16 சதுரம் சேத்து செவுத்துல மாட்டற மாதிரியோ, சாமி ரூமுக்கு ஒரு விரிப்போ பண்ணுங்க, தேய்மானம் இருக்காது.

கேள்வி: வேலூர் வெயிலுக்கு இன்னாத்துக்கு இந்த போர்வை? சித்திரை வைகாசியில ஃபேன் காத்தே அனலா அடிக்குது, நீங்க பஞ்சு வச்சி தைக்க சொல்றீங்க.
சத்துவாச்சாரி வாசகர்

பதில்: நான் எங்க சார் பஞ்சு வைக்க சொன்னேன்? அமெரிக்காவுல பனியில உக்காந்து தைக்கறவங்களுக்கு பஞ்சு. முக்கோணத்த வச்சே ஆயிரம் பிரமிடுன்னு ஒரு டிசைன் அங்க பழங்காலத்துலருந்து தைக்கறாங்க, மேல் துணி, நடுவுல பஞ்சு, கீழ் துணின்னு மூணு அடுக்கு. நமக்கு மார்கழி பனிக்கு ஒரு மாசம், ஒண்ணரை மாசம், அவ்ளோ தான். அதனால நடுவுல ஒரு பழைய வேட்டியோ மெல்லிசு காட்டன் புடவையோ போதும். அதுவும் வேணாம்னா மேலயும் கீழயும் ரெண்டே அடுக்கு, வெயில் காலத்துல பாய் மேல விரிச்சி படுக்கலாம், வேர்வைய உறிஞ்சிக்கும். இலவம் பஞ்ச உள்ள திணிக்காதீங்க, மெத்தைக்கு நல்லது, போர்வையில ஒரு துவைப்புல உருண்டு மூலைக்குப் போய் சேந்துடும்.

அடித்துணிக்கு நல்ல பழைய காட்டன் புடவை ஒண்ணு. அஞ்சரை மீட்டர்ல ரெண்டு பாகமா வெட்டி பக்கவாட்டுல சேத்தா, சிங்கிள் கட்டிலுக்கு மட்டுமில்ல, 60க்கு 80 இன்ச்சுக்கே தாராளமா வரும். அடித்துணி நாலு பக்கமும் மூணு நாலு இன்ச் கூடுதலாவே இருக்கட்டும், தைக்க தைக்க மேல் துணி நகரும். தரையில அடித்துணிய விரிச்சி ஓரத்த டேப்பால ஒட்டி, நடு துணி, மேல் துணி போட்டு, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்திட்டு, இல்லன்னா பின்னாடி பிரிச்சிடற மாதிரி கச்சா தையல் போட்டுட்டு, நடுவுலருந்து ஓரத்துக்கு தைச்சிகினு போங்க. ஓரத்துலருந்து ஆரம்பிச்சீங்கன்னா நடுவுல பை மாதிரி தொங்கும். கையால ஓட்டுத் தையல் போட்டா இன்னும் நல்லா இருக்கும், சீரியல் பாத்துகினே முடிச்சிடலாம்.

கேள்வி: வணக்கம் அம்மா. கந்தல் துணிய ஒட்டுப் போட்டு வீட்ல வச்சா தரித்திரம்னு மாமியார் சொல்றாங்க. கொழந்தைக்கு தைக்கலாம்னு இருந்தேன், கைய கட்டிப் போட்டுட்டாங்க.
திருப்பத்தூர் வாசகி

பதில்: உங்க வீட்டுக்காரரு பொறந்தப்ப முதல்ல போத்தினது புதுத் துணியா பழைய துணியான்னு மாமியாரையே கேளு கண்ணு. நம்ம பக்கத்துல பச்சப்புள்ளைக்கு புதுசு போட மாட்டாங்க, துவைச்சி துவைச்சி பூ மாதிரி ஆன பழைய வேட்டி தான். தூளி கட்டறதும் பழைய காட்டன் புடவையில தான். எங்க ஆயா வீட்டுப் பக்கம் தெலுங்கு பேசறவங்க இந்த ஒட்டுப் போர்வைய பொந்தன்னு சொல்வாங்க, கர்நாடகாவுல கௌதி, மகாராஷ்டிராவுல கோதடி, வங்காளத்துல காந்தா. கர்நாடகா மலைக்காட்டுப் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளியில வந்த சித்திங்கற சமூகத்து பொம்பளைங்க கவந்தின்னு ஒண்ணு தைக்கறாங்க, நம்மள மாதிரி நடுவுலருந்து இல்ல, ஓரத்துலருந்து உள்ள சுத்திகினே போவாங்க, முடிக்கறப்ப நாலு மூலையிலயும் துணிய முக்கோணமா மடிச்சி பூ மாதிரி வைப்பாங்க, அந்த பூ இல்லாம போர்வை முடிஞ்சதா கணக்கே இல்லியாம். தரித்திரம்னா அதுக்கு யாராவது பூ வைப்பாங்களா?

மாமியாரோட சண்டை மட்டும் போடாதே. அவங்க பழைய சுங்குடி புடவை ஒண்ணு கேட்டு வாங்கி அத அழுத்தமான சதுரமா வெட்டிடு. அவங்க புடவை அதுல இருந்தா கந்தல்ங்கற பேச்சு வராது, அனுபவத்துல சொல்றேன். ரொம்ப சின்ன கொழந்தை தூங்கறப்ப மேல போத்தி விடாம, கீழ விரிக்க, மடியில வச்சி சுத்திக்க மட்டும் வச்சிக்கோ, முகத்துல ஏறிடும்.

கேள்வி: ஆன்ட்டி, சதுரம் எல்லாம் தைச்சி முடிச்சி தரையில அடுக்கினேன், பாக்க ஒரே கலவரமா இருக்கு. சுத்தற காத்தாடி மாதிரி வரும்னு நெனச்சேன், ஒண்ணுமே தெரியல. ஃபேன போட்டதும் அதுவும் பறந்து போச்சி.
காட்பாடி, காலேஜ் மாணவி

பதில்: ஃபேன நிறுத்து மொதல்ல. இல்லன்னா ஒரு பழைய கம்பளிய செவுத்துல ஆணி அடிச்சி தொங்க விட்டு அதுல ஒட்ட வை, காட்டன் துண்டு குண்டூசி இல்லாமலே கம்பளியில பிடிச்சிக்கும்.

காத்தாடி தெரியாததுக்கு காரணம் கலர் இல்ல, வெளிச்சம். பச்சையும் செகப்பும் நம்ம கண்ணுக்கு எதிரெதிரா தெரியும், ஆனா ரெண்டும் ஒரே அழுத்தமா இருந்தா தூரத்துலருந்து பாக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சிடும். உன் போன்ல எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்து. எது கருப்பா தெரியுதோ அது அழுத்தம், எது வெள்ளையா தெரியுதோ அது வெளிர், ரெண்டுலயும் சேராம சாம்பலா நிக்குது பாரு, அதுங்க தான் கலவரக்காரங்க. அந்த சதுரத்த எல்லாம் பொறுக்கி ஓரத்து வரிசைக்கு தள்ளிடு. சதுரத்துக்குள்ளயே ரெண்டு பாதியும் சாம்பலா வந்திருந்தா அஞ்சாறு போகட்டும், எல்லா போர்வையிலயும் அப்படி நாலு இருக்கும், அதுல தான் கண்ணு கொஞ்சம் இளைப்பாறும்.

மிச்சத்துல நாலு நாலா எடுத்து, அழுத்தமான பாதி ஒண்ணுத்த ஒண்ணு தொரத்தற மாதிரி திருப்பி வை, காத்தாடி வந்துடும். எல்லாத்தையும் ஒரே பக்கம் பாத்து அடுக்கினா சாய்வா பட்டை ஓடும். ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை அப்படின்னா மலை மலையா வளைஞ்சி போகும். அதே சதுரம் தான், திருப்பறது தான் வித்தியாசம். தைக்கறதுக்கு முன்ன ரெண்டு நாள் அப்படியே விட்டு போறப்ப வர்றப்ப பாரு. அடுக்கினத போட்டோ எடுத்துட்டு, வரிசை வரிசையா அள்ளி ஒவ்வொரு கட்டுலயும் நம்பர் எழுதின சீட்ட குத்தி வை. ஹாஸ்டல் ரூமா இருந்தா ரூம் மேட்ட ரெண்டு நாளைக்கு கட்டில் மேலயே இருக்க சொல்லு.

கேள்வி: காத்தாடி நடுவுல எட்டு முனையும் சேர்ற எடத்துல கெட்டியா முடிச்சு மாதிரி நிக்குது, ரெண்டு ஊசி ஒடைஞ்சி போச்சி.
ஆம்பூர் வாசகி

பதில்: அந்த எடத்துல மட்டும் தையல் பக்கத்த ஒரே பக்கம் சாய்க்காம ரெண்டு பக்கமும் பிரிச்சி அழுத்தி விடுங்க, முனையில வால் மாதிரி நீட்டிகினு இருக்கற துணிய எல்லாம் முன்னாடியே நறுக்கிடுங்க. 16 நம்பர் ஊசி போட்டு, அங்க வர்றப்ப மிதிய விட்டுட்டு கைச்சக்கரத்த கையால சுத்தி நாலு தையல் தாண்டுங்க. அப்பவும் தூக்கிகினு நின்னா திருப்பிப் போட்டு, மேல ஒரு துணி போட்டு அம்மிக் குழவியால ரெண்டு தட்டு, அமுங்கிடும். மிளகாய் அரைச்ச குழவியா இருந்தா கழுவிட்டு.